கடலை மணந்த நகரில் கல்யாண நாள்

கல்யாண நாள் வருகிறது. 10 ஆண்டு ஆகி இருக்கலாம். 25 ஆண்டும் ஆகி இருக்கலாம். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு விட்டு, கணவனும் மனைவியும் மட்டும் எங்காவது நாலு நாள் போய் வரலாம் என்று ஆசை.

"எங்கே போகலாம்?" என்று கணவர் கேட்கிறார்.

"தண்ணீரில் மிதக்கிற ஊர் ஒன்று இருக்கிறதாமே, அங்கே!" என்கிறார் மனைவி.

அந்த ஊர் வெனிஸ். இத்தாலி நாட்டின் வடகிழக்கில், கடல் ஓரத்தில் இருக்கிறது. உலகத்தின் எல்லாத் திசையில் இருந்தும் தம்பதிகள் அங்கே போகிறார்கள். புது மணமக்கள் தேனிலவுக்குப் போகிறார்கள். நரை தட்டியவர்கள் கல்யாண நாள் கொண்டாடப் போகிறார்கள்.

போகட்டும். நல்ல ஆசைதான். உழைத்துச் சேர்த்த பணத்தில், கூட வாழ்ந்தவளுக்கு ஓர் அழகான ஊரைக் காட்டுவது குற்றமா? இல்லவே இல்லை.

ஆனால், ஒன்றைத் தெரிந்து கொண்டு போக வேண்டும்.

வெளியூர்த் தம்பதிகள் வந்து குவியும் அந்த ஊரில், உள்ளூர்த் தம்பதிகளுக்குக் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாகி விட்டது!

இது ஏன்? இதற்கு யார் பொறுப்பு? போகிறவர்கள் என்ன செய்யலாம்?

சேற்றில் நட்ட நகரம்

வெனிஸ் மிதக்கவில்லை. அது நடப்பட்ட நகரம்.

கடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பெரிய காயல் இருக்கிறது. ஆழம் குறைந்த உப்புத் தண்ணீர். அதில் சின்னச் சின்னத் தீவுகள் 118. அவற்றின் மேல்தான் நகரம் நிற்கிறது. தீவுகளை இணைக்க 400-க்கு மேல் பாலங்கள் இருக்கின்றன.

பழைய காலத்தில், பகைவர்களின் படையெடுப்புக்குப் பயந்து ஓடி வந்த மக்கள் இந்தத் தீவுகளில் குடியேறினார்கள். காலுக்குக் கீழே பாறை இல்லை. வெறும் சேறு. அங்கே எப்படி மாளிகை கட்டுவது?

மரக் கழிகளைக் கொண்டு வந்தார்கள். சேற்றுக்குள் நெருக்கி நெருக்கி அடித்தார்கள். அதன் மேல் பலகை போட்டார்கள். பலகை மேல் கல்லை அடுக்கினார்கள். கல் மேல் வீடு கட்டினார்கள்.

மரம் மக்கி விடாதா? மக்கவில்லை. சேற்றுக்கு அடியில் காற்று புகுவதில்லை. காற்று இல்லாத இடத்தில் மரம் எளிதில் அழிவதில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கழிகள் நகரத்தைத் தாங்கி நிற்கின்றன.

பெரிய கால்வாயின் வாயில் ஒரு வெள்ளைக் கோவில் இருக்கிறது. 1630-லும் 1631-லும் வெனிசில் கொள்ளை நோய் வந்தது. நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் மாண்டார்கள். "நோய் நீங்கினால் மேரி மாதாவுக்குக் கோவில் கட்டுகிறோம்" என்று நகரம் நேர்ந்து கொண்டது. நோய் நீங்கியது. கோவிலைக் கட்டத் தொடங்கினார்கள். 1687-ல் முடித்தார்கள். அந்த ஒரு கோவிலுக்கு அடியில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் மரக் கழிகள் இருப்பதாகச் சொல்லுகிறார்கள்.

இன்றும் ஆண்டு தோறும் நவம்பர் 21-ந் தேதி வெனிஸ் மக்கள் குடும்பத்தோடு அந்தக் கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அன்றைக்கென்று பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். நேர்ந்து கொண்டதை மறக்காத ஊர் அது.

இந்த நகரத்துத் தெருக்களில் கார் கிடையாது. சைக்கிள் கூட ஓட்டக் கூடாது. காய்கறி படகில் வருகிறது. நோயாளியைப் படகில் கொண்டு போகிறார்கள். தீ அணைக்கப் படகில் வருகிறார்கள். இறந்தவரையும் படகில் ஏற்றி, சுடுகாட்டுத் தீவு அல்ல, கல்லறைத் தீவு ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டு போய் அடக்கம் செய்கிறார்கள்.

நகரத்துக்கே கல்யாணம்!

கல்யாண நாள் கொண்டாட வெனிஸ் பொருத்தமான ஊர் என்று சொல்ல, ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

வெனிஸ் நகரத்துக்கே கல்யாணம் ஆகி இருக்கிறது! மணமகள் யார் தெரியுமா? கடல்!

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெனிஸ் ஒரு தனிக் குடியரசாக இருந்தது. அதன் தலைவருக்கு டோஜ் என்று பெயர். ஆண்டுக்கு ஒரு முறை, ஏசு விண்ணுக்கு ஏறிய திருநாளில், டோஜ் தங்க முலாம் பூசிய பெரிய படகில் ஏறிக் கடலுக்குப் போவார். மக்கள் ஆயிரக்கணக்கில் படகுகளில் பின்தொடர்வார்கள். கடல் வாயில் படகு நிற்கும். டோஜ் ஒரு மோதிரத்தை எடுத்துத் தண்ணீரில் போடுவார். "கடலே! உன்னை மணக்கிறோம்" என்பது அதன் பொருள்.

1797-ல் நெப்போலியன் வெனிசைப் பிடித்தான். குடியரசு முடிந்தது. தங்கப் படகையும் பிரெஞ்சுக்காரர்கள் அழித்தார்கள். ஆனால் கல்யாணச் சடங்கு அடியோடு போய் விடவில்லை. பிற்காலத்தில் அதை மீண்டும் நடத்தத் தொடங்கினார்கள். இன்று மேயர் படகில் போய், கடலில் மோதிரம் போடுகிறார்.

ஆண்டு தோறும் தன் கல்யாண நாளை இப்படிக் கொண்டாடுகிற ஊர் அது!

அந்தக் கடல் வெனிசுக்குச் சோறு போட்டது. வெனிஸ் கப்பல்கள் கிழக்கே இருந்து வந்த மிளகையும் பட்டையும் பட்டுத் துணியையும் ஐரோப்பா முழுவதும் கொண்டு போய் விற்றன. மார்க்கோ போலோ அந்த ஊர்க்காரர்தான். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் அவர் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கும் வந்தார். தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றியும், அந்தக் கடலில் முத்துக் குளிப்பது பற்றியும் எழுதி வைத்தார். காயல் நகரத்துக்காரர், காயல் துறைமுகத்தைப் பார்க்க வந்தார்!

சோறு போட்ட கடலே அவ்வப்போது கோபித்துக் கொள்ளும். 1966 நவம்பர் 4-ந் தேதி தண்ணீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2019 நவம்பர் 12-ந் தேதி 187 சென்டிமீட்டர். வீடுகளிலும் கடைகளிலும் கோவில்களிலும் உப்புத் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகு, காயலின் மூன்று வாய்களிலும் அமைத்த 78 இரும்புக் கதவுகள் வேலைக்கு வந்தன. 2020 அக்டோபர் 3-ந் தேதி முதல் முறையாகப் பெரிய அலையை அந்தக் கதவுகள் தடுத்தன.

கணவன் மனைவிக்குள் சண்டை வரும். அதற்காக யாரும் வீட்டை விட்டு ஓடுவது இல்லை. கதவைச் சரி செய்து கொண்டு சேர்ந்து வாழ்கிறார்கள். வெனிசும் கடலும் அப்படித்தான்.

கோணல் படகு நேரே போகிறது

வெனிஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கொண்டோலா. அது ஒல்லியான கறுப்புப் படகு. நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். பின்பக்கம் ஒருவர் நின்று கொண்டு, ஒரே ஒரு துடுப்பால் தள்ளுகிறார். முன்பக்கம் சீப்பு மாதிரி ஓர் உலோகத் தகடு நிமிர்ந்து நிற்கும். அதில் உள்ள 6 பற்கள் நகரத்தின் 6 வட்டாரங்களைக் குறிக்கின்றன என்பார்கள்.

அந்தப் படகில் ஓர் அதிசயம் உண்டு. அது கோணலான படகு! இடது பக்கம், வலது பக்கத்தை விட 24 சென்டிமீட்டர் அகலம் அதிகம். ஏன் அப்படி? ஒருவரே ஒரு பக்கத்தில் மட்டும் துடுப்புப் போட்டால் படகு வட்டம் அடிக்கும். கோணலாகச் செய்து இருப்பதால் வட்டம் அடிக்காமல் நேரே போகிறது.

குடும்பப் படகும் இப்படித்தானே! இருவரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டியது இல்லை. ஒருவர் கோணலுக்கு இன்னொருவர் ஈடு கொடுத்தால் படகு நேரே போகும்.

சவாரிக்கு என்ன செலவு? 2023 நவம்பரில் நகரசபை கட்டணத்தை உயர்த்தியது. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. மாலை 7 மணிக்கு மேல் 110 யூரோ. ஒரு யூரோ நம் பணத்தில் 100 ரூபாயை ஒட்டி இருக்கிறது. ஆகவே, பகல் சவாரிக்கே 9 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது! இது ஆளுக்கு அல்ல. ஒரு படகுக்கு.

அவ்வளவு கொடுக்க முடியாதா? கவலை வேண்டாம். பெரிய கால்வாயை ஒரு கரையில் இருந்து மறு கரைக்குக் கடக்க, அதே மாதிரிப் படகு சில துறைகளில் ஓடுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. இரண்டு நிமிடத்தில் அக்கரை. உள்ளூர்ப் பெண்கள் கடைப் பையோடு பக்கத்தில் நிற்பார்கள். மனைவியின் கையைப் பிடித்து ஏற்றி விட அந்த இரண்டு நிமிடம் போதாதா?

பெருமூச்சுப் பாலம்

இன்னொரு செய்தி. டோஜ் மாளிகைக்குப் பக்கத்தில், கால்வாய்க்கு மேலே ஒரு மூடிய கல் பாலம் இருக்கிறது. அதற்குப் பெருமூச்சுப் பாலம் என்று பெயர். சூரியன் மறையும் நேரத்தில், அந்தப் பாலத்துக்கு அடியில் படகில் போகும் போது முத்தம் கொடுத்துக் கொண்டால் காதல் என்றும் அழியாது என்று ஒரு கதை. 1979-ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்திலும் இந்தக் கதை வந்தது. அதை நம்பி எத்தனையோ ஜோடிகள் மாலை நேரத்தில் அங்கே படகில் போகிறார்கள்.

உண்மையில் அது என்ன பாலம் தெரியுமா? சிறைச்சாலைப் பாலம்! 1600-ஐ ஒட்டிக் கட்டியது. நீதி விசாரணை நடந்த மாளிகையில் இருந்து, எதிரே இருந்த சிறைக்குக் கைதிகளை அந்த வழியாகத்தான் கொண்டு போவார்கள். பாலத்தில் உள்ள கல் சன்னல் வழியாக, கைதி கடைசி முறையாக வெனிசைப் பார்த்துப் பெருமூச்சு விடுவானாம். அதனால்தான் அந்தப் பெயர்.

கீழே ஜோடிகள் மகிழ்ச்சியாகப் போகிறார்கள். மேலே ஒருவன் பெருமூச்சு விட்ட இடம்.

இன்று அந்த ஊரில் யார் பெருமூச்சு விடுகிறார்கள்? அதற்கு வருவோம்.

கல்யாணக் கூட்டத்தால் இடிந்த பாலம்

பெரிய கால்வாயின் மேல் ரியால்டோ பாலம் இருக்கிறது. வெள்ளைக் கல்லால் ஒரே வளைவாகக் கட்டிய பாலம். 1591-ல் கட்டி முடித்தார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் மரப் பாலம்தான் இருந்தது.

1444-ல் அந்த மரப் பாலம் இடிந்து விழுந்தது. எப்படி விழுந்தது? பெராரா என்ற ஊரின் பிரபு ஒருவருக்குக் கல்யாணம். படகுகளில் கல்யாண ஊர்வலம் போனது. அதைப் பார்க்கப் பாலத்தின் மேல் கூட்டம் கூடியது. பாரம் தாங்காமல் பாலம் இடிந்தது!

கல்யாணத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் யாரும் பாலத்தை உடைக்க வரவில்லை. எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் வந்தார்கள். ஒவ்வொருவரும் "நான் ஒருவன்தானே" என்று நினைத்துத்தான் ஏறி நின்று இருப்பார்கள்.

570 ஆண்டு கழித்து, பாரிஸ் நகரத்தில் இதே போல நடந்தது. அங்கே செய்ன் ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். காதலர்களும் தம்பதிகளும் ஒரு பூட்டில் தங்கள் பெயரை எழுதிப் பாலத்தின் கம்பியில் பூட்டுவார்கள். சாவியை ஆற்றில் எறிவார்கள். அன்பு பூட்டிக் கொண்டது என்று பொருள். ஒரு பூட்டு எவ்வளவு கனம் இருக்கும்? கையளவுதான். ஆனால் 2014 ஜூனில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதி பாரம் தாங்காமல் சரிந்தது. 2015 ஜூனில் நகரசபை எல்லாப் பூட்டையும் வெட்டி எடுத்தது. மொத்த எடை ஏறக்குறைய 45 டன்!

அன்பில் தவறு இல்லை. பூட்டு செய்கிறவர் மேலும் தவறு இல்லை. ஒவ்வொருவரும் சிறிதளவு பாரத்தை அடுத்தவர் பாலத்தில் ஏற்றி விட்டுப் போனதுதான் தவறு.

வெனிஸ் நகரத்தின் கதையும் இதுவே. அங்கே பாரம் ஏறி இருப்பது பாலத்தில் அல்ல. வீடுகளில்.

மருந்துக் கடை சன்னலில் ஓர் எண்

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அதன் கண்ணாடிச் சன்னலில், 2008-ல் மின்சார எழுத்தில் ஓர் எண்ணை வைத்தார்கள். அது மருந்தின் விலை அல்ல. தீவு நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு!

1951-ல் அங்கே ஏறக்குறைய 1 லட்சத்து 75 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2009-ல் அது 60 ஆயிரத்துக்குக் கீழே போனது. அந்த ஆண்டு நவம்பர் மாதம் ஊர் மக்கள் சிலர் ஒரு சவப்பெட்டியைப் படகில் ஏற்றி, பெரிய கால்வாய் வழியே கொண்டு போனார்கள். பெட்டிக்குள் பிணம் இல்லை. "எங்கள் ஊர் சாகிறது" என்று உலகத்துக்குச் சொன்னார்கள்.

அப்படியும் எண் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2023-ல், குடியிருக்கும் மக்களை விடச் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகள் அதிகமாகி விட்டன. ஆளை விடக் கட்டில் அதிகம்!

ஏன் போனார்கள்? ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. 1966 வெள்ளத்தில் கீழ்த்தட்டு வீடுகள் பாழாயின. கரையில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அங்கே புது வீடு, கார் நிறுத்த இடம், குறைந்த வாடகை எல்லாம் கிடைத்தன. தீவில் எல்லாவற்றையும் படகில் ஏற்றி இறக்க வேண்டும். அதனால் விலை அதிகம்.

இதனோடு சுற்றுலாவும் சேர்ந்து கொண்டது. ஒரு வீட்டுக்காரரை எண்ணிப் பாருங்கள். உள்ளூர்த் தம்பதிக்கு வீட்டை விட்டால் மாத வாடகை வரும். அதே வீட்டைப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விட்டால் பல மடங்கு வரும். அவர் எதைச் செய்வார்? அவரைக் கெட்டவர் என்று சொல்லி விட முடியாது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் தெருவில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களும் அப்படியே செய்தால், அந்தத் தெருவில் குடியிருக்க ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆள் போனால் ரொட்டிக் கடை போகிறது. காய்கறிக் கடை போகிறது. அங்கே முகமூடியும் பொம்மையும் விற்கும் கடை வருகிறது. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் சுருங்குகிறது. பள்ளிக்கூடம் சுருங்கினால், பிள்ளை பெற்ற தம்பதிகள் மேலும் போகிறார்கள்.

வெனிசில் பிறந்த ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் கல்யாணம் செய்து கொள்கிறார்கள். குடித்தனம் வைக்க ஊரில் வீடு தேடுகிறார்கள். கட்டுப்படி ஆகவில்லை. கரையில் உள்ள மெஸ்ட்ரே என்ற ஊருக்குப் போகிறார்கள். வேலைக்கு மட்டும் தினமும் பாலம் கடந்து வெனிசுக்கு வருகிறார்கள். வெளியூர்த் தம்பதியின் ஓட்டல் அறையில் படுக்கை விரித்து வைத்து விட்டு, மாலையில் கரைக்குத் திரும்புகிறார்கள்!

இன்றைய பெருமூச்சு இதுதான்.

நுழைவுக் கட்டணம் போதுமா?

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது.

2021 ஆகஸ்டு 1 முதல், பெரிய உல்லாசக் கப்பல்கள் நகரத்தின் நடுக் கால்வாயில் வரக் கூடாது என்று தடுத்தார்கள். 2024-ல், வழிகாட்டியோடு போகும் கூட்டத்தில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று விதித்தார்கள்.

அதே 2024-ல், ஏப்ரல் 25-ந் தேதி, உலகமே திரும்பிப் பார்த்த ஒரு வேலையைச் செய்தார்கள். காலையில் வந்து மாலையில் போகும் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டார்கள். அந்த ஆண்டு கூட்டம் அதிகமான 29 நாட்களில் மட்டும் வாங்கினார்கள். 2025-ல் நாட்களை 54 ஆக உயர்த்தினார்கள். முன்கூட்டிப் பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் வந்தால் 10 யூரோ என்று வைத்தார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. அவர்கள் ஓட்டலிலேயே தங்கல் வரி கொடுக்கிறார்கள்.

கட்டணம் தவறா? தவறு இல்லை. வீட்டைச் சுத்தமாக வைக்கச் செலவு ஆகிறது. வருகிறவர்கள் பங்கு கொடுப்பது நியாயம்.

ஆனால் அது போதுமா? போதாது! பல ஆயிரம் மைல் விமானத்தில் வந்தவர், 5 யூரோவுக்குப் பயந்து திரும்பிப் போவாரா? கட்டணம் தலையை எண்ணுகிறது. அது ஒரு குடும்பத்துக்குக் கூட வீடு கொடுப்பதில்லை.

தேவை வேறு. பயணிகளுக்கு விடும் வீடுகளுக்கு ஒரு வரம்பு வேண்டும். 2022-ல் இத்தாலி நாட்டுச் சட்டம் வெனிஸ் நகரசபைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அதிகாரம் ஏட்டில் இருந்தால் போதாது. நாட்டில் நடக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரத்தைப் பாருங்கள். பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் உரிமத்தை, 2028 நவம்பரோடு முடித்து விடப் போவதாக 2024-ல் அந்த நகர மேயர் அறிவித்தார். அது கடுமையாக இருக்கலாம். ஆனால், வீடு முதலில் குடியிருக்கத்தான் என்ற எண்ணம் சரியானது.

2025 ஜூனில், அமேசான் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெப் பெசோஸ் தம் கல்யாணத்தை வெனிசில் நடத்தினார். ஊர் மக்களில் ஒரு பகுதியினர் தெருவுக்கு வந்து எதிர்ப்புக் காட்டினார்கள். கல்யாணத்தால் ஊருக்கு வருமானம் என்று நகரசபை சொன்னது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கல்யாணத்தின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. "எங்கள் ஊர் உங்களுக்கு மேடைதானா?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லுவதும் பேதைமை. படகோட்டிக்கும், ஓட்டல் தொழிலாளிக்கும், கண்ணாடி ஊதுகிறவருக்கும் அதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதே கேள்வி.

போகிறவர்கள் கவனிக்க!

ஆகவே, கல்யாண நாளுக்கு வெனிஸ் போகும் தம்பதிகளுக்குச் சில வார்த்தைகள்.

காலையில் வந்து மாலையில் ஓடாதீர்கள். நாலு ஊரைத் தொட்டு விட்டு வருவதை விட, ஓர் ஊரில் நாலு நாள் தங்குங்கள். பகல் கூட்டம் போன பிறகுதான் வெனிஸ் தன் முகத்தைக் காட்டும். இரவில் வண்டிச் சத்தம் இல்லை. தண்ணீர்ச் சத்தமும், காலடிச் சத்தமும்தான் கேட்கும். பல ஆண்டாக வீட்டுச் சத்தத்தில் பேச நேரம் கிடைக்காத இருவருக்கு, அதை விட நல்ல பரிசு எது?

தங்குவதற்கு ஓட்டலைத் தேடுங்கள். அல்லது, வீட்டுக்காரர் தாமும் குடியிருந்து கொண்டு ஓர் அறையை விடும் வீட்டைத் தேடுங்கள். ஒரு குடும்பம் குடியிருக்க வேண்டிய முழு வீட்டை நாலு நாளைக்குப் பிடிக்க வேண்டாம்.

கோடைக் கூட்டத்தில் போக வேண்டாம். நவம்பரில் பனி மூடிய வெனிஸ் வேறு ஓர் அழகு. கொள்ளை நோய் நீங்கிய கோவில் திருநாளையும் பார்க்கலாம்.

பொருள் வாங்கினால் செய்தவரிடம் வாங்குங்கள். மூரானோ தீவில் கண்ணாடி செய்கிறார்கள். தீ விபத்துக்குப் பயந்து, 1291-ல் கண்ணாடி உலைகளை எல்லாம் அந்தத் தீவுக்கு மாற்றினார்கள். புரானோ தீவில் பெண்கள் ஊசியால் பின்னும் சரிகைத் துணி பெயர் பெற்றது. சாமான் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அது அந்த ஊர்க் கையால் செய்ததாக இருக்கட்டும்.

பாலத்தில் பூட்டுப் போடாதீர்கள். பாலப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். அந்தப் படியில்தான் ஒரு பாட்டி காய்கறிப் பையோடு ஏறி வீட்டுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. இத்தாலியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாவ்" என்பார்கள். இன்று உலகம் முழுவதும் பரவிய சொல் அது. அது பிறந்தது வெனிஸ் பேச்சில். அதன் முதல் பொருள் என்ன தெரியுமா? "நான் உன் அடிமை"! பணிவாகச் சொன்ன வணக்கம் அது. நம் ஊரில் "அடியேன்" என்பார்களே, அது போல. அந்த ஊருக்குள் நுழையும் போது, அந்தச் சொல்லைப் பொருள் தெரிந்து சொல்லுங்கள். கல்யாண நாள் அன்று காலையில் ஒருவருக்கு ஒருவரும் சொல்லிக் கொள்ளலாம். தவறு இல்லை!

மோதிரம் போட்டால் போதாது

டோஜ் கடலில் மோதிரம் போட்டார். அதோடு வேலை முடிந்து விட்டதா? இல்லை. அதற்குப் பிறகு ஆண்டு முழுவதும் வெனிஸ் மக்கள் கரையைக் கட்டினார்கள். சேற்றைத் தூர் வாரினார்கள். இடிந்த கல்லை மாற்றினார்கள். மோதிரம் ஒரு நாள். காவல் தினமும்.

கல்யாணமும் அதுதான். தாலி கட்டுவது ஒரு நாள். குடித்தனம் தினமும். 25 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. குடியிருக்க ஒரு கூரை எவ்வளவு பெரிது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் அவர்களிடம் கேட்கிறோம். வெனிசுக்குப் போங்கள். கைகோத்து நடந்து பாருங்கள். கோணல் படகில் ஏறுங்கள். ஆனால், அந்த ஊர்ப் பிள்ளைகளும் அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே குடித்தனம் வைக்க இடம் விட்டு வாருங்கள்.

மருந்துக் கடை சன்னலில் காட்டத் தொடங்கிய அந்த எண் இனி ஏற வேண்டும். ஊரார் வாழ்ந்தால்தான் ஊர். ஊர் வாழ்ந்தால்தான் உங்கள் 50-வது கல்யாண நாளுக்கும் போய்ப் பார்க்க அங்கே ஒரு வெனிஸ் இருக்கும்.